களத்துமேடு எங்கே போயிற்று? வேலைக்கு நிலம் ஒதுக்குவது பற்றி ஓர் அறிமுகம்

குறுவை அறுவடை நாட்களில் தஞ்சாவூரிலிருந்து திருவாரூர் பக்கம் பஸ்ஸில் போய்ப் பாருங்கள். சாலையின் ஓரத்தில், சில இடங்களில் பாதிச் சாலையிலேயே, நெல் காய்ந்துகொண்டிருக்கும். கற்களை அடுக்கி எல்லை கட்டியிருப்பார்கள். பெண்கள் அந்த நெல்லைக் காலால் அளைந்தபடி வெயிலில் நடந்துகொண்டிருப்பார்கள். லாரி வந்தால் ஒதுங்குவார்கள், போனதும் மறுபடி நடப்பார்கள். அரசு கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதம் வரை இருக்கலாம் என்பது பொது விதி. மழை மிகுந்த ஆண்டுகளில் இதைத் தளர்த்துவார்கள். ஆனால் தளர்வு ஆணை வரும்வரை நெல் காத்திருக்காது, முளைத்துவிடும். ஆகவே கெட்டியான, சமமான, வெயில் படுகிற தரை எங்கே கிடைக்கிறதோ அங்கே கொட்டுகிறார்கள். இன்றைக்குக் காவிரி டெல்டாவில் அப்படிக் கிடைக்கிற தரை நெடுஞ்சாலைதான்.

முன்பு இதற்கென்று ஊருக்கு ஊர் இடம் இருந்தது. களத்துமேடு என்போம். கதிரடிக்க, தூற்ற, காயவைக்க, வைக்கோல் போர் போட எல்லாவற்றுக்கும் அது பொது. வருவாய்க் கணக்கில் களத்துப் புறம்போக்கு என்று தனியாகவே எழுதியிருப்பார்கள். பிறகு அறுவடை இயந்திரம் வந்தது, வயலிலேயே நெல் மணியாக உதிர்ந்தது. களம் தேவையில்லை என்று எல்லாரும் நினைத்துவிட்டோம். ஒரு மூலையில் தண்ணீர்த்தொட்டி, ஒரு மூலையில் கட்டடம், மிச்சத்தில் சீமைக் கருவேலம். ஆனால் இயந்திரம் அறுத்த நெல்லில் ஈரம் அதிகம் என்பதும், அதைக் காயவைக்கப் பரந்த இடம் வேண்டும் என்பதும் களத்தை இழந்த பிறகுதான் உறைத்தது.

வேலைக்கு நிலம் ஒதுக்குவது என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் இந்தக் களத்துமேட்டைத்தான் காட்டுவேன். வீட்டுக்கு மனை வேண்டும், பள்ளிக்கு இடம் வேண்டும், சுடுகாட்டுக்கு இடம் வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். மனிதர்கள் உழைத்துச் சம்பாதிக்கவும் தரை வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம். ஒரு வட்டாரத்தில் இனி எத்தனை பேருக்கு, எந்த வகை வேலை தேவைப்படும், அந்த வேலைக்கு எவ்வளவு தரை வேண்டும், அந்தத் தரை எங்கே இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே பார்த்து, வேறு எதுவும் அதை விழுங்கிவிடாமல் காப்பதைத்தான் வேலைக்கான நிலத்தைத் திட்டமிடுதல் என்கிறோம்.

வேலையின் வகைக்கேற்பத் தரையின் அளவு மிகவும் மாறும். டெல்டாவில் நிலத்தை மா, வேலி என்று சொல்கிறவர்கள் இன்னும் இருப்பதால் அந்தக் கணக்கிலேயே சொல்கிறேன். 100 குழி ஒரு மா, அதாவது ஏறக்குறைய 33 சென்ட். 20 மா ஒரு வேலி, அதாவது ஏறக்குறைய 6.6 ஏக்கர். ஒரு நவீன அரிசி ஆலைக்கு நெல் இறக்கவும், லாரி திரும்பவும், உமி குவிக்கவும் பல மா நிலம் வேண்டும். ஆனால் அங்கே வேலை செய்கிறவர்கள் அவ்வளவு பேர் இருக்க மாட்டார்கள். தையல் கூடத்துக்கு ஒரு நீளமான கட்டடம் போதும், ஐம்பது பேர் உட்காரலாம். சுவாமிமலையில் ஐம்பொன் சிலை வார்ப்பவர்களுக்குப் பட்டறையும் காவிரியின் வண்டல் மண்ணும் பக்கத்திலேயே வேண்டும். அவர்களை ஐந்து மைல் தள்ளியிருக்கிற தொழிற்பேட்டைக்குப் போகச் சொன்னால் தொழிலே போய்விடும். நாச்சியார்கோயில் குத்துவிளக்கு, திருபுவனம் பட்டு, நரசிங்கம்பேட்டை நாகசுரம் எல்லாமே வீடும் பட்டறையும் ஒன்றாக இருக்கிற தொழில்கள். தொழில் நிலம் என்றதும் வேலி போட்ட பெரிய வளாகத்தை மட்டும் நினைப்பவர்கள் இவர்களைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஊருக்குள் பட்டறை நடத்த அனுமதி தருவதும் நிலத் திட்டம்தான்.

டெல்டாவில் எல்லாரும் தடுக்கி விழுகிற இடம் ஒன்று இருக்கிறது. வரைபடத்தில் வயல் ஒரே பச்சையாக, காலி இடம் போலத் தெரியும். காலி இடத்தில் ஒரு தொழிற்சாலை வந்தால் அத்தனை வேலையும் புது வேலைதானே என்று தோன்றும். ஆனால் வயலில் ஏற்கெனவே வேலை இருக்கிறது. நாற்றுவிடுகிறவர், நடுகிறவர், களை எடுக்கிறவர், டிராக்டர் ஓட்டுகிறவர், மூட்டை தூக்குகிறவர், வைக்கோல் கட்டுகிறவர், அந்த வைக்கோலில் மாடு வளர்த்துப் பால் ஊற்றுகிறவர், அறுவடைக்குப் பிறகு வாத்து மேய்க்கிறவர் என்று ஒரு வேலி நிலத்தைச் சுற்றி ஒரு கூட்டமே பிழைக்கிறது. அதனால் ஒரு திட்டம் 200 பேருக்கு வேலை தரும் என்றால், அந்த நிலத்தில் இப்போது யார் யாருக்கு ஆண்டுக்கு எத்தனை நாள் வேலை இருக்கிறது என்பதையும் எண்ணி, கழித்துப் பார்த்த பிறகே பேச வேண்டும்.

அதே நேரத்தில் வயல் வேலை எப்போதும் போல இருக்கும் என்று சொல்வதும் நேர்மையாகாது. நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் நேரடி விதைப்பும் வந்த பிறகு, குறிப்பாகப் பெண்களுக்கு வேலை நாட்கள் குறைந்துவிட்டன. மேட்டூர் அணையில் ஜூன் 12 அன்று தண்ணீர் திறந்தால் குறுவை என்கிற முதல் போக நெல் உண்டு. திறப்பு தள்ளிப்போனால் பலருக்குச் சம்பா மட்டும்தான். மீதி மாதங்களில் இளைஞர்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போகிறார்கள். டெல்டாவில் வயலைத் தவிர வேறு எதுவுமே வேண்டாம் என்பது, ஊரை விட்டுப் போ என்று அவர்களிடம் சொல்வதற்குச் சமம். எனவே வேறு வேலைக்கும் நிலம் தேவை. எந்த நிலம் என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரிந்த முதல் அளவுகோல் மட்டம். டெல்டா கிட்டத்தட்ட தட்டையான பூமி, மேற்கிலிருந்து கிழக்கே கண்ணுக்குத் தெரியாத அளவில் சரிகிறது. கல்லணையில் பிரிகிற காவிரியும் வெண்ணாறும் மேலும் மேலும் கிளை பிரிந்து, ஆறு வாய்க்காலாகி, வாய்க்கால் கன்னி என்கிற சிறு வாய்க்காலாகி, மடை வழியாக வயலுக்கு வருகிறது. பல இடங்களில் ஒரு வயலில் நிரம்பிய தண்ணீர்தான் அடுத்த வயலுக்குப் பாயும். இது பாதிக் கதை. மீதிப் பாதி வடிகால். ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுகிற மழை வயலை விட்டு வெளியேறி, வடிகால் வாய்க்காலில் விழுந்து, கோரையாறு, பாமணியாறு போன்ற ஆறுகள் வழியாக முத்துப்பேட்டைப் பக்கம் கடலுக்குப் போக வேண்டும். பாசனத்துக்கு ஒரு வழி, வடிகாலுக்கு ஒரு வழி என்று இரட்டைப் பின்னலாக இருக்கிறது இந்த மண். நகரத்துப் பொறியாளர்களுக்குப் பாசன வாய்க்கால் கண்ணில் படும். கோடையில் வறண்டு, புல் முளைத்துக் கிடக்கிற வடிகால் பள்ளமாக மட்டும் தெரியும்.

இப்போது நடுவில் ஓர் ஏக்கர் வயலை வாங்கி, மூன்று அடி உயரத்துக்கு மண் அடித்து மேடாக்கி, ஒரு கிடங்கு கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சட்டப்படி அனுமதியும் வாங்கிவிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது ஓர் ஏக்கர்தான். ஆனால் மேல் பக்கத்து வயல்களில் மழைநீர் தேங்கும், கீழ் பக்கத்து வயல்களுக்குத் தண்ணீர் வராது. சம்பா பயிர் பத்து நாள் மூழ்கினால் அழுகிவிடும். அடுத்த ஆண்டு அந்த விவசாயியும் விற்றுவிடுவார். எங்கள் ஊர்ப் பக்கத்தில் இப்படித்தான் ஒரு மனைப்பிரிவு நான்கு வயல்களை விழுங்கியது. மனை போட்டவர் வாங்கியது இரண்டு வயல், மற்ற இரண்டை வடியாத தண்ணீர் வாங்கிக் கொடுத்தது.

நம் முன்னோர் இதை அறிந்து வீடு கட்டினார்கள் என்பதற்கு ஊர்ப்பெயர்களே சாட்சி. திடல், மேடு என்று முடிகிற ஊர்கள் இங்கே நிறைய. குளம் வெட்டிய மண்ணைக் கொட்டி உயர்த்திய இடத்தில் வீடுகளுக்கு நத்தம், தாழ்ந்த இடத்தில் நன்செய், ஆற்றங்கரைப் படுகையில் வாழையும் வெற்றிலையும், கால்நடைக்கு மேய்க்கால், வேலைக்குக் களம். நில வரைபடம் கையில் இல்லாமலே எவ்வளவு தெளிவாகப் பிரித்திருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பாக இருக்கிறது.

அப்படியானால் தொழிலுக்கு எந்த இடம்? ஏற்கெனவே கெட்டுப்போன, ஏற்கெனவே மேடாக இருக்கிற தரையைத்தான் முதலில் தேட வேண்டும். ஓடாமல் பூட்டிக் கிடக்கிற பழைய அரிசி ஆலைகள், பயன்படாத கிடங்குகள், தொழிற்பேட்டைகளில் எடுத்துப்போட்டுக் கட்டாமல் வைத்திருக்கிற மனைகள் இவற்றைப் பட்டியல் போட்டாலே பல ஊர்களில் பாதித் தேவை அடங்கும். அடுத்து வருவது வாய்க்கால் பாசனம் எட்டாத மேட்டு நிலம். தஞ்சாவூருக்கு மேற்கே வல்லம், செங்கிப்பட்டி பக்கம் போனால் மண் சிவந்துவிடும், நெல் வயல் குறைந்துவிடும். அதுவும் வெறும் நிலம் இல்லை, மானாவாரிக் கடலையும் ஏரிகளும் மேய்ச்சலும் உண்டு. இருந்தாலும் அங்கே ஒரு கூடம் கட்டுவதால் இருபது ஊர்களின் வடிகால் அடைபடாது. அலுவலக வேலைக்கு இவ்வளவு தேடலும் வேண்டாம். 2024 செப்டம்பரில் தஞ்சாவூரில் திறந்த மினி டைடல் என்கிற தகவல் தொழில்நுட்பப் பூங்காவைப் போல, நகரத்தில் அடுக்குக் கட்டடம் ஒன்று சில ஏக்கரிலேயே பல நூறு பேருக்கு மேசை போட்டுவிடும்.

இடத்தைத் தேடுவதைப் போலவே, எதைக் கொண்டுவருகிறோம் என்பதும் முக்கியம். நீடாமங்கலம் ரயில் நிலையத்தில் நெல் மூட்டைகள் சரக்கு ரயிலில் ஏறி வெளி மாவட்டங்களுக்கு அரைவைக்குப் போவதை டெல்டாக்காரர்கள் எல்லாரும் பார்த்திருப்போம். நூறு கிலோ நெல்லில் ஏறக்குறைய 67 கிலோ அரிசி வரும். மீதி உமி, தவிடு. தவிட்டில் எண்ணெய் இருக்கிறது, உமி எரிபொருளாகிறது, சாம்பலுக்கும் விலை உண்டு. நெல்லாகவே ஏற்றி அனுப்பும்போது அந்த வேலைகளும் வேகனில் ஏறிப் போய்விடுகின்றன. திருவாரூரில் 1967இல் நெல் பதனிடும் ஆய்வு மையமாகத் தொடங்கிய நிறுவனம்தான் இன்று தஞ்சாவூரில் தேசிய உணவுத் தொழில்நுட்பக் கல்வி நிறுவனமாக வளர்ந்து நிற்கிறது. அறிவு இங்கேயே இருக்கிறது, விளைச்சல் இங்கேயே இருக்கிறது. இடையில் இல்லாதது கூரை போட்ட உலர்களம், சேமிப்புக் கிடங்கு, சிறு ஆலைகளுக்கான தரை. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னைக்கும் இதே கதைதான். தேங்காயாக விற்பதற்கும், கயிறாகவும் எண்ணெயாகவும் விற்பதற்கும் நடுவே ஒரு காயவைக்கும் களம் இருக்கிறது.

தவறான நிலத்தில் தவறான தொழில் வந்தால் என்ன ஆகும் என்பதை டெல்டா ஒரு முறை அனுபவித்துவிட்டது. 1990களின் தொடக்கத்தில் நாகப்பட்டினம் கடலோரத்தில் வயல்கள் இறால் பண்ணைகளாக மாறின. ஏற்றுமதிப் பணம், புது வேலை என்று சொன்னார்கள். குளத்து உப்புநீர் பக்கத்து வயல்களிலும் குடிநீர்க் கிணறுகளிலும் இறங்கியது. வயலில் நூறு கைகளுக்கு வேலை இருந்த இடத்தில், பண்ணைக்குச் சில காவலாளிகள் போதுமாக இருந்தது. காந்தியவாதி எஸ்.ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் மரபுவழி அல்லாத இறால் பண்ணைகள் கூடாது என்று தீர்ப்பளித்தது. ஆனால் உப்பேறிய மண்ணை ஒரு தீர்ப்பால் உடனே நன்செய்யாக்க முடியாது. நிலப் பயன்பாட்டை மாற்றுவது பெரும்பாலும் ஒருவழிப் பாதை. வேலையைக் கொண்டுவருகிற எந்தத் திட்டத்திலும் நான் முதலில் கேட்பது, இது தோற்றுப்போனால் இந்த நிலம் மறுபடி வயலாகுமா என்பதைத்தான்.

சட்டங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971ஆம் ஆண்டுடையது. நகரங்களுக்கு முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) போடுவதும், குடியிருப்பு, வணிகம், தொழில், வேளாண்மை என்று மண்டலம் பிரிப்பதும் இதன்கீழ்தான். திட்டப் பகுதிக்கு வெளியே இருக்கிற ஊர்களில் வயலை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற 2017ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்ட பிறகு வந்த மாற்றங்களில் அதுவும் ஒன்று.

டெல்டாவுக்கென்று தனியாக வந்தது 2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம். தஞ்சாவூர், திருவாரூர், அன்று மயிலாடுதுறையும் சேர்ந்திருந்த நாகப்பட்டினம் ஆகிய மாவட்டங்களோடு கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில ஒன்றியங்களும் இதில் அடங்கும். துத்தநாகம், தாமிரம், அலுமினியம் உருக்கும் ஆலைகள், உருக்காலை, தோல் பதனிடும் ஆலை, கப்பல் உடைக்கும் தொழில், புதிதாக எண்ணெயும் எரிவாயுவும் துரப்பணம் செய்து எடுப்பது போன்றவற்றை இந்தச் சட்டம் தடுக்கிறது. கடலூர், நாகப்பட்டினம் மாவட்டங்களின் 45 கிராமங்களைப் பெட்ரோலிய ரசாயன முதலீட்டு மண்டலமாக 2017இல் அறிவித்த அரசாணையும் அதே 2020இல் ரத்தானது. பெரிய வெற்றிதான், போராடியவர்களுக்கு நான் நன்றியுடையவன். ஆனால் சட்டத்தின் தடைப்பட்டியலை முழுதாகப் படித்தால், ஏற்கெனவே நடக்கிற பணிகளை அது தொடுவதில்லை, சாலை, துறைமுகம், குழாய்ப்பாதை போன்ற கட்டமைப்புகளைத் தடுப்பதில்லை, வீட்டு மனைகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பது தெரியும். எது வரக் கூடாது என்று நமக்கு ஒரு சட்டம் கிடைத்திருக்கிறது. எது எங்கே வர வேண்டும் என்கிற வரைபடம் ஊர்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

இன்னொன்று. டெல்டாவில் உழுகிறவர் வேறு, பட்டாவில் பெயர் இருப்பவர் வேறு என்பது சாதாரணம். கோயில் நிலமும் மடத்து நிலமும் ஏராளம். நிலம் கைமாறினால் பணம் உரிமையாளருக்குப் போகும், பிழைப்பு போவது குத்தகைதாரருக்கும் கூலி வேலை செய்கிறவருக்கும். 2013ஆம் ஆண்டு நிலம் எடுப்புச் சட்டம், மூன்று ஆண்டுகளுக்கு மேல் அந்த நிலத்தை நம்பி வாழ்ந்த குத்தகைதாரரையும் விவசாயத் தொழிலாளரையும் பாதிக்கப்பட்ட குடும்பமாகவே கருதுகிறது. பாசனமுள்ள, பல போகம் விளையும் நிலத்தை வேறு வழியே இல்லாதபோதுதான் எடுக்கலாம் என்றும் சொல்கிறது. ஆனால் தொழில் தேவைக்கு நிலம் எடுக்கத் தமிழ்நாட்டுக்கு 1997ஆம் ஆண்டின் தனிச் சட்டமும் இருக்கிறது. ஆகவே உங்கள் ஊருக்கு அறிவிப்பு வந்தால், எந்தச் சட்டத்தின் கீழ் என்பதை முதல் வரியிலேயே பாருங்கள். குத்தகை செய்கிறவர்கள் 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி தங்கள் பெயரைக் குத்தகைப் பதிவேட்டில் ஏற்றிவைப்பதை இன்றே செய்ய வேண்டும். நிலம் எடுக்கும் நேரத்தில் அலைந்தால் ஆவணம் கிடைக்காது.

உங்கள் ஊருக்கு இதைச் செய்து பார்ப்பது அவ்வளவு கடினமில்லை. வருவாய்த் துறையின் இணையதளத்தில் புல எண்ணைக் கொடுத்தால் பட்டாவும், நிலத்தின் வகையைச் சொல்கிற அ-பதிவேடும், அந்த நிலத்தின் அளவுப் படமான புலப்படமும் பார்க்கலாம். முழுக் கிராம வரைபடத்தின் நகலை எடுத்துக்கொண்டு, முதலில் பாசன வாய்க்கால்களையும் வடிகால்களையும் வண்ணம் தீட்டுங்கள். வடிகால் எது என்று வரைபடத்தைவிட, மழையில் மடை திறந்துவிடுகிற பெரியவருக்கு நன்றாகத் தெரியும், அவரைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். பிறகு களம், மேய்க்கால், தரிசு என்று எழுதியிருக்கிற எண்களைக் குறியுங்கள். பூட்டிக் கிடக்கும் கட்டடங்களைக் குறியுங்கள். கடைசியில், வேலை தேடி வெளியூர் போனவர்கள் என்ன வேலை தெரிந்தவர்கள் என்று வீடு வீடாகக் கேளுங்கள். வரைபடமும் இந்தப் பட்டியலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், எவ்வளவு தரை, எங்கே, எதற்கு என்பது பாதி புலப்பட்டுவிடும். ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. அங்கே தீர்மானமாக வைத்தால் எழுத்தில் பதிவாகும். நகர் ஊரமைப்புத் துறை உங்கள் பகுதிக்கு முழுமைத் திட்ட வரைவு வெளியிட்டு ஆட்சேபம் கேட்கும்போது, கையில் கொடுக்க ஒரு காகிதம் இருக்கும்.

எங்கள் ஊர் வரைபடத்தில் களம் என்று குறித்த ஒரு புல எண் இன்னும் இருக்கிறது. ஒரு மாவுக்கும் சற்று அதிகம். பாதியில் கருவேலம் மண்டிக் கிடக்கிறது, மீதியில் யாருடையது என்று தெரியாத செங்கல் குவியல். சுற்றி வயல் இருந்தாலும் அந்த இடம் மட்டும் இரண்டு அடி உயரம், எந்த மழையிலும் மூழ்கியதில்லை. அதைச் சுத்தம் செய்து சிமெண்ட் களமும் மேலே ஒரு தகரக் கூரையும் போட்டுத் தரும்படி அக்டோபர் 2 கிராம சபையில் மனு கொடுக்கப்போகிறோம். அப்போது குறுவை அறுவடை நடந்துகொண்டிருக்கும், நெல் சாலையில் காய்ந்துகொண்டிருக்கும். கூட்டத்துக்கு வருகிற அதிகாரிகள் அந்தச் சாலை வழியாகத்தான் வர வேண்டும்.